சேர்க்கலாம், எடுக்கக் கூடாது

ஜூலை 16, செவ்வாய்

கடைசியில் என் தலையில்தான் கட்டினார்கள். தலைநகர் லிமாவுக்குப் போய் மீன் முட்டைப் பெட்டியைச் சுங்கத்திலிருந்து எடுத்துவர ஆள் வேண்டும் என்றதும் கூட்டத்திலிருந்த அத்தனை ஆண்களுக்கும் கிழங்கைப் பனியில் காயப்போடும் வேலை ஞாபகம் வந்துவிட்டது. சங்கத் தலைவர் சதுர்நீனோ பச்சையாகவே சொன்னார்: "எவரிஸ்தா லிமாவுல வீட்டு வேலை பார்த்தவ. ஆபீஸ்காரங்ககிட்ட பேசறதுக்கு வாய் இருக்கு. அவ போகட்டும்." மற்ற நாளில் இதே வாயைத்தான் திட்டுவார்.

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எட்டுக் குடும்பத்தின் ட்ரௌட் மீன் கூண்டுகளும் இந்த ஒரு பெட்டியை நம்பித்தான் ஏரியில் காலியாக மிதக்கின்றன. போன வருஷம் தண்ணீர் பச்சையாகி, கூண்டு கூண்டாக மீன் செத்து மல்லாந்தது. இந்த முறை வடக்கே அமெரிக்காவிலிருந்து நல்ல முட்டையாக வரவழைக்கிறோம். அத்தனையும் பெண் குஞ்சாம், சீக்கிரம் சதை பிடிக்குமாம்.

வீட்டுக்கு வந்ததும் ருஃபீனோ கயிறு முறுக்கிக்கொண்டே சொன்னான், "இதுவும் போச்சுன்னா நான் மேலே போயிடறேன்." மேலே என்றால் தங்கச் சுரங்கம். அவன் அண்ணன் தோமாஸும் இப்படித்தான் போனான். திரும்பி வந்தபோது நெஞ்சு முழுக்கத் தூசி, படுத்தால் மூச்சு வராது, உட்கார்ந்தபடியே செத்தான். அதை என் கண்ணால் பார்த்தேன். மேலே போகிற பேச்சை என் எதிரில் எடுக்காதே என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

காலையிலிருந்து ருஃபீனோவின் பாடம். முட்டைக்குள் கண் தெரியும், இரண்டு கரும்புள்ளி. கண் வந்தபிறகுதான் அனுப்புவார்கள். மேல் தட்டில் ஐஸ், அது சொட்டுச் சொட்டாக உருகி ஒவ்வொரு தட்டாக இறங்கி முட்டையைக் குளிர்ச்சியில் வைத்திருக்கும். குளிர்ச்சி இருந்தால் குஞ்சு தூங்கும், போனால் பெட்டிக்குள்ளேயே பொரித்துச் சாகும். எல்லாவற்றையும் விட முக்கியம், லிமாக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு படக்கூடாது. குளோரின் மருந்து முட்டையைக் கொன்றுவிடும்.

பத்துத் தடவை சொன்னான். "நான் என்ன நேத்து ஏரிக்கரைக்கு வந்தவளா?" என்றேன். சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான்.

ஜூலை 24, புதன்

லிமா. பஸ்ஸில் வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி, ஜன்னல் இல்லாத அறை. வானம் சாம்பல் பூசிக் கிடக்கிறது. மழையும் இல்லை வெயிலும் இல்லை, துணி மட்டும் காயவே மாட்டேன் என்கிறது. சுதந்திர தினம் வருகிறதென்று வீட்டுக்கு வீடு கொடி கட்டியிருக்கிறார்கள்.

கிளியரிங் ஏஜெண்ட் ஃபர்ஃபானைப் போய்ப் பார்த்தேன். தலையில் எண்ணெய் வழிய வழியச் சிரிக்கிறார். உயிருள்ள சரக்கு, சுங்கத்தில் எப்போதும் பச்சைதான் விழும், பேப்பரைக் காட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். வாயில் சர்க்கரை.

ஜூலை 25, வியாழன்

விமானம் வரவில்லை. அங்கே புயலாம். நாளைக்காம்.

ஜூலை 26, வெள்ளி

சிவப்பு.

கம்ப்யூட்டர்தான் சீட்டுக் குலுக்குகிறதாம். பச்சை என்றால் போகலாம். ஆரஞ்சு என்றால் பேப்பர் பார்ப்பார்கள். சிவப்பு என்றால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். இத்தனை வருஷத்தில் எங்கள் சங்கத்துக்குச் சிவப்பு விழுந்ததே இல்லை. நான் வந்த நேரம்!

சரி, திறங்கள், பாருங்கள் என்றேன். அங்கேதான் முடிச்சு. சோதனைக்கென்று சுங்க இன்ஸ்பெக்டர் மட்டும் திறக்கக்கூடாது. மீன் நலத்துறை அதிகாரியும் பக்கத்தில் நிற்க வேண்டும், அவர் மாதிரி எடுக்க வேண்டும். அந்த மகராசன் மத்தியானச் சாப்பாட்டோடு சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். நாளை சனி, அப்புறம் ஞாயிறு, திங்கள் இரண்டும் சுதந்திர தின விடுமுறை. செவ்வாய்க்கிழமை வருவாராம். அவருக்குப் பதில் யாரும் இல்லையா? இல்லையாம்.

இன்ஸ்பெக்டர் பெயர் பசலார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. கத்துகிற ஆள் இல்லை, கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். "சட்டம் நான் எழுதலை சீன்யோரா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார். உட்கார்ந்து என்ன செய்ய? குளிர் அறையிலாவது உள்ளே தள்ளி வையுங்கள் என்றேன். அறை முழுக்கப் பண்டிகைக்கு வந்த சீஸும் பன்றித் தொடையும், நடுவில் ஏதோ தடுப்பூசிப் பெட்டிகள். எங்கள் பெட்டிக்குக் கதவோரம்தான் இடம். ஆள் போக வர அந்தக் கதவு திறந்து திறந்து மூடுகிறது.

ஃபர்ஃபானும் பண்டிகைக்கு மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகிற போக்கில், "பொறுமையா இருங்க" என்று எனக்கு உபதேசம்.

ருஃபீனோவிடம் போனில் சொன்னேன். நீளமாக மூச்சு விட்டான். "ஐஸ் தாங்குமா?" என்று மட்டும் கேட்டான். தாங்கும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 27, சனி

காவல்காரன் பாவப்பட்டு உள்ளே விட்டான். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பெட்டிக்கு அடியில் தண்ணீர். ஒரு சிறு குட்டை. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று நேரே அதன்மேல்தான் அடிக்கிறது.

பசலார் பணியில் இருந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். நான் யாரையும் கும்பிட்டுப் பழக்கமில்லை, லிமாவில் வேலை பார்த்த வீட்டிலும் கும்பிட்டதில்லை. உள்ளே எட்டுக் குடும்பம் தூங்குது ஐயா, என் புருஷன் சுரங்கத்துக்குப் போயிடுவான் ஐயா, ஏதாவது செய்யுங்கய்யா என்று அழுதேன். மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். பக்கத்தில் பூப்பெட்டி எடுக்க வந்தவன் வேடிக்கை பார்த்தான்.

அவர் கைக்குட்டையை நீட்டினார். பெட்டியை உள்பக்கமாகத் தள்ளிவைக்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். நல்ல மனுஷன். இந்த ஊரில் ஒருவராவது இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அறைக்கு வந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

எப்படி எழுதுவேன் இதை.

காலையில் பசலாரே போன் செய்தார். குரலில் சிரிப்பு. "வாங்க சீன்யோரா எவரிஸ்தா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி." ஓடினேன். தெருவெல்லாம் பேண்டு வாத்தியம், பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. மீன் நலத்துறைக்காரர் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

வலைக்கதவைத் தானே திறந்து என்னை உள்ளே கூட்டிப்போனார். பெட்டி குளிர் அறையின் நடுவில், சுற்றிலும் புது நாடா ஒட்டி, சுங்க முத்திரை வைத்து, ஜம்மென்று இருந்தது. அடியில் குட்டை இல்லை.

"ஐஸ் தீர்ந்துபோச்சு. மேல் தட்டுல ஒண்ணுமே இல்லை. விடியக்காலம் மீன் மார்க்கெட்டுக்கு நானே போய் வாங்கிட்டு வந்து நிரப்பினேன். கண்ட ஐஸ் இல்லை சீன்யோரா, மருந்து போட்ட சுத்தமான ஐஸ்."

கைக்காசு போட்டு வாங்கியிருக்கிறார். இருட்டில் எழுந்து போயிருக்கிறார். சட்டையில் இன்னும் ஈரம். அந்த மீசைக்கடியில் சின்னப் பையன் மாதிரி ஒரு பெருமை.

ஐயா, மருந்து போட்ட ஐஸா என்றேன்.

"பின்னே? காலரா வந்த வருஷத்துல என் சித்தப்பாவைப் பறிகொடுத்தவன் நான். மருந்து போடாத ஐஸை இந்த ஊர்ல நாய்கூட நக்காது."

சொன்னேன். உட்காரவும் முடியாமல், நின்றபடியே சொன்னேன். அந்த மருந்து முட்டையைக் கொன்றுவிடும், அந்த ஐஸ் உருகி ஒவ்வொரு தட்டாக இறங்கும், இப்பவே எடுத்துடுங்க, ஐஸே இல்லாட்டியும் பரவாயில்லை, எடுத்துடுங்க.

அவர் முகம் மெதுவாக மாறியது. முதலில் நம்பவில்லை. "அந்தத் தண்ணியைத்தானே என் பிள்ளைங்க குடிக்குது," என்றார். பிறகு பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது. நம்பியும் கையை ஒட்டுநாடாமேல் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"சரக்கு கெடாம இருக்க மூடியைத் திறந்து மேலே சேர்க்கலாம், அதுக்கு எனக்கு அனுமதி உண்டு. உள்ளே இருக்கிறதை எடுக்கிறதுன்னா ரெண்டு அதிகாரி வேணும். ஒரு துண்டு ஐஸை எடுத்தாலும் சரக்கை எடுத்ததாத்தான் கணக்கு. மேலே காமிரா இருக்கு, சீன்யோரா. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ்."

யாரைத் திட்டுவது? திட்டுகிற மாதிரி ஒருத்தனாவது இருந்தானா? சோம்பேறியாய் இருந்திருக்கலாம், லஞ்சம் கேட்டிருக்கலாம், என்னை வெளியே போடி என்று விரட்டியிருக்கலாம். அப்படி இருந்திருந்தால் முட்டை பிழைத்திருக்கும்! நான்தானே கும்பிட்டேன். நான்தானே ஏதாவது செய்யுங்கன்னு அழுதேன்.

கிளம்பும்போது ரொம்ப நன்றி ஐயா என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூலை 29, திங்கள்

விடுதிக்காரியின் டிவியில் ராணுவ அணிவகுப்பு. ஊற்றுத்தண்ணீர் பாட்டில் வாங்கி அவள் ஃபிரிஜில் ஐஸ் போட்டுக்கொண்டு போய்ச் சேர்க்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். சேர்க்கத்தான் அனுமதி உண்டே. ஆனால் நல்லதை மேலே போட்டால் அடியில் கிடக்கும் மருந்து ஐஸ்தானே முதலில் இறங்கும்.

ருஃபீனோ இரண்டு தடவை கூப்பிட்டான். போனை எடுக்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

மீன் நலத்துறை மகராசன் வந்தார். ஊரிலிருந்து ரொட்டி கொண்டுவந்து ஆபீஸில் எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு. ஒரு சிகரெட் பிடித்து முடிக்கிற நேரத்தில் சோதனை முடிந்துவிட்டது. இதற்குத்தான் இத்தனை நாள். ஒரு கரண்டி முட்டையைப் புட்டியில் எடுத்துக்கொண்டார். "அங்கங்கே வெள்ளை இருக்கு, வழக்கம்தான்," என்றார்.

மிச்ச ஐஸை என் கையாலேயே அள்ளிச் சாக்கடையில் போட்டேன். விரல் மரத்துப்போகும்வரை அள்ளினேன். பசலார் பக்கத்தில் நின்றார். பெட்டியை அவரே சுமந்துவந்து டாக்சியில் வைத்தார். "பிழைச்சுக்கும் சீன்யோரா. உயிர் அவ்வளவு லேசா போயிடாது," என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஹூலியாகாவுக்கு விமானம். பெட்டி சரக்கில் வருகிறது. ஜன்னலில் மலை தெரிந்தது. நான் பார்க்கவில்லை.

ஜூலை 31, புதன்

ஏரிக்கரைக் கொட்டகையில் எட்டுக் குடும்பமும் காத்திருந்தது. சதுர்நீனோ சாராயப் புட்டியும் கோக்கா இலையுமாக, பெட்டிக்குத் தெளித்து வரவேற்கத் தயாராக நின்றார். பெண்கள் சூப் வைத்திருந்தார்கள்.

ருஃபீனோ மூடியைத் திறந்தான். மேல் தட்டு முழுக்க வெள்ளை. நல்ல முட்டை ஆரஞ்சுப் பழத்துச் சுளை நிறத்தில் கண்ணாடியாக இருக்கும். செத்தது சுண்ணாம்பாகிவிடும். இரண்டாம் தட்டும் வெள்ளை. கீழே போகப் போக நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அடித்தட்டில் பாதி.

யாரும் சாராயம் தெளிக்கவில்லை. சூப்பை யார் குடித்தார்கள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

பூமித்தாயின் மாசம் பிறந்தது. வீட்டுக்கு வீடு படையல் புகை. நானும் ருஃபீனோவும் கொட்டகையில் வெள்ளை பொறுக்கினோம். செத்ததை உடனே எடுக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்து உயிருள்ளதையும் இழுத்துக்கொண்டு போகும். இடுக்கியால் ஒவ்வொன்றாக. தண்ணீர் எலும்பைத் துளைக்கிறது.

அவனிடம் எல்லாம் சொன்னேன். பசலார், கைக்குட்டை, மார்க்கெட் ஐஸ், காமிரா. கேட்டுக்கொண்டே பொறுக்கினான். "ம்," என்றான். அந்த ஒரு 'ம்'மை இன்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கூட்டம். நடந்ததை எழுந்து நின்று சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. முடித்ததும் சதுர்நீனோ சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

"சுங்கத்துக்காரன் கைக்காசு போட்டு நமக்கு ஐஸ் வாங்கினானா? அதுவும் சுதந்திர தினத்தன்னிக்கு, விடியக்காலத்துல? ஏம்மா, புளுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

ஏற்கெனவே ஃபர்ஃபானிடம் போனில் விசாரித்திருக்கிறார். "நான் அங்கே இல்லை, ஆனா சரக்குக்காரங்க கேட்காம சுங்கத்துல யாரும் ஒரு துரும்பையும் பெட்டிக்குள்ள போட மாட்டாங்க," என்று அந்த எண்ணெய்த்தலை சொல்லியிருக்கிறது. அது பொய்யுமில்லையே. நான் கேட்கவில்லையா? ஏதாவது செய்யுங்கன்னு கேட்டேனே.

லஞ்சம் கேட்டான், கொடுக்காததால் பெட்டியை வெயிலில் போட்டான் என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். என்னைச் சுற்றி நின்று எனக்காக அவனைத் திட்டியிருப்பார்கள். உண்மைதான் செல்லவில்லை. அவ மறந்துபோய் லிமா ஐஸை வாங்கிக் கொட்டிட்டா, இப்ப பழியை வேற ஒருத்தன் மேல போடறா – கொட்டகை வாசலில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றேதான் சொன்னாள்.

ருஃபீனோ எனக்காக வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 7, புதன்

பசலாருக்குப் போன் போட்டேன். நீங்களே சதுர்நீனோவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் ஐயா என்று கேட்கத்தான். வேறு யாரோ எடுத்தார்கள். அவரைக் கடல் துறைமுகத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். தெரியாதாம். சொந்த போன் நம்பர் கொடுக்க மாட்டார்களாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பிழைத்த முட்டைகள் பொரிக்க ஆரம்பித்துவிட்டன. நூல் மாதிரி உடம்பு, வயிற்றில் தொங்கும் பை, பெரிய பெரிய கண். இவை மட்டும் நின்றால் இரண்டு கூண்டாவது நிரம்பும் என்று ருஃபீனோ கணக்குப் போட்டான். தட்டுக்குமேல் குனிந்து மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விடுகிறான்.

ஆகஸ்ட் 14, புதன்

தினமும் கொஞ்சம் அடியில் படிகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மிஞ்சியது ஒரு கூண்டுக்கும் காணாது. எட்டுக் குடும்பம் ஒரு கூண்டை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? சதுர்நீனோவுக்கே கொடுத்துவிடுவதென்று முடிவாயிற்று, அவர் வீடுதான் கரைக்குப் பக்கம். நவம்பரில் இன்னொரு பெட்டி வரவழைப்பார்களாம். இந்த முறை அவர் மகன் லிமா போவான். "விவரமான ஆளா அனுப்பணும்," என்றார், என் பக்கம் பார்க்காமலே.

பெண்கள் என்னோடு பேசாமல் இல்லை. உப்பு இருக்கா, ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டு, எல்லாம் பேசுகிறார்கள். மீன் பேச்சு வந்தால் மட்டும் அப்படியே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ருஃபீனோ மேலே போய்விட்டான்.

தடுத்தேன். தோமாஸ் உட்கார்ந்தபடி செத்ததைச் சொன்னேன், பிள்ளைகளைச் சொன்னேன், வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தேன். அவன் கோபப்படவில்லை. குனிந்து என்னைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டு மூட்டையை எடுத்தான். "நவம்பர் பெட்டி வரைக்கும்தான்," என்றான். நவம்பர் பெட்டிக்கு எங்கள் பங்கு கட்ட வேறு வழி இருந்தால் நான் சொல்ல மாட்டேனா?

ஒன்றே ஒன்று கேட்க நினைத்திருந்தேன். நான் சொன்னதை நீயாவது நம்புறியா? லாரி வந்துவிட்டது. கேட்கவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

போன் இல்லை. மேலே சிக்னல் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

சதுர்நீனோ கூண்டில் குஞ்சுகள் தீனிக்கு மேலே வருகின்றன. படகில் போகும்போது பார்த்தேன். இத்தனூண்டு.

செப்டம்பர் 15, ஞாயிறு

ருஃபீனோ கூப்பிட்டான். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. சாப்பாடு பரவாயில்லையாம், தூங்குகிற இடம்தான் தகரக் கொட்டகை, ஐஸ்கட்டி மாதிரி இருக்கிறதாம். பிள்ளைகளைக் கேட்டான். கிழங்கு நட்டாச்சா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவன் குரல் எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவ்வளவு கனிவாக இருந்தது. அதனால்தான் கேட்க நினைத்ததைக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

அவனே முந்திக்கொண்டான். "இங்க தனியா உட்கார்ந்து நிறைய யோசிச்சேன் எவரிஸ்தா. அந்த ஊர்ல நீ ஒண்டியா, பயந்து போய்ப் பண்ணியிருப்பே. நானா இருந்தாலும் அந்த நேரத்துல ஐஸ் வாங்கித்தான் போட்டிருப்பேன். அந்தக் கதையெல்லாம் என்கிட்ட நீ சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு உன்மேல கோபமே இல்லை. எப்பவோ மன்னிச்சுட்டேன்."

அவனுக்குப் பின்னால் ஆட்கள் போனுக்குக் காத்திருப்பது கேட்டது. யாரோ சீக்கிரம் முடி என்றார்கள்.

நான் போடவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்தக் கொட்டகையில் படுக்கப் போகிறவனிடம் எதைச் சொல்ல? சரி ருஃபீனோ என்றேன். கம்பளி ஒன்று கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டேன்.